கைப்பிடியிலிருந்து ரோலருக்கு: ஸ்கூட்டர் வேகமாற்றியின் வரலாறு

எஞ்சினின் வலுவைப் பெருக்குவதற்கு மனிதர் மேற்கொண்ட முயற்சிகள் பெரிதும் பேசப்பட்டுள்ளன. அவ்வலுவைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் உறுப்புகளின் வரலாறோ அத்துணை கவனத்தைப் பெறவில்லை. சிறிய ஸ்கூட்டரைப் பொறுத்தவரை இப்புறக்கணிப்பு பொருத்தமற்றதாகும். 50 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய எஞ்சின் தரும் வலு சொற்பமானது. அச்சொற்ப வலுவும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்திலேயே உச்சத்தை அடைகிறது. எனவே வண்டி மெல்லச் செல்லினும் விரைந்து செல்லினும் எஞ்சினை அவ்வேகத்தின் அண்மையில் வைத்திருத்தல் வேண்டும். அதனைச் செய்வது எவ்வாறு, அதனைத் தீர்மானிப்பது யார் என்பனவே இவ்வரலாற்றின் மைய வினாக்களாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு ஒரே கியரே இருந்தது. எஞ்சினின் கப்பியிலிருந்து பின்சில்லுக்குத் தோற்பெல்ட் ஒன்று சென்றது. சமவெளியில் இது போதுமாயினும் ஏற்றங்களில் எஞ்சின் திணறியது. இக்குறையைப் போக்கக் கையாளப்பட்ட வழிகளுள் ஒன்றே விரிந்து சுருங்கும் கப்பியாகும். கப்பியின் இரு சரிந்த பக்கங்களையும் நெருக்கினால், இடையிலுள்ள ஆப்பு வடிவப் பெல்ட் வெளிநோக்கி ஏறிப் பெரிய ஆரையில் ஓடும். அவற்றை அகற்றினால் அது உள்ளிறங்கிச் சிறிய ஆரையில் ஓடும். ஆயினும் பெல்ட்டின் நீளம் மாறுவதில்லை. ஆதலின் கப்பியின் ஆரை மாறும்போது பிறிதோர் உறுப்பு விட்டுக்கொடுத்தாக வேண்டும். எவ்வுறுப்பினை விட்டுக்கொடுக்கச் செய்வது என்பதிலேயே பொறியியலாளரின் வழிகள் வேறுபட்டன.

பிரித்தானியாவின் செனித் நிறுவனம் தனது ‘கிராடுவா’ அமைப்பில் பின்சில்லையே முன்னும் பின்னும் நகர்த்தியது. ஓட்டுநர் ஒரு கைப்பிடியைச் சுழற்ற, கப்பி விரிவதும் சில்லு நகர்வதும் ஒருங்கே நிகழ்ந்தன. ரட்ஜ் நிறுவனத்தின் ‘மல்ரி’ வண்டியிலோ சில்லு நகரவில்லை. முன்கப்பி விரியும்போது பின்சில்லின் பெல்ட் விளிம்பும் அதற்கியைய மாறியது. இரண்டிலும் முடிவெடுத்தவர் ஓட்டுநரே. ஏற்றத்தைக் கண்ணாலும் எஞ்சினின் நிலையைச் செவியாலும் உணர்ந்து, அவர் தமது கையால் விகிதத்தை மாற்றினார்.

செனித் வண்டிகள் மலையேற்றப் போட்டிகளில் ஏனையவற்றை எளிதில் விஞ்சியமையால் பல போட்டிகளில் அவற்றுக்கு இடமளிக்கப்படவில்லை. நிறுவனமோ ‘தடுக்கப்பட்டது’ என்னுஞ் சொல்லையே தன் விளம்பர முத்திரையாக்கிக் கொண்டது. பெரிய எஞ்சின் எதனையும் அது பொருத்தியிருக்கவில்லை. ஏனையோரிடமிருந்த அதே வலுவைச் செவ்வனே பயன்படுத்தியமையே அது செய்த ‘குற்றம்’. செலுத்தத்தைச் சீர்செய்வது நேர்மையான திறமையா, முறையற்ற அனுகூலமா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் பெல்ட்டின் ஆட்சி நீடிக்கவில்லை. 1911ஆம் ஆண்டு மான் தீவின் ரி.ரி. போட்டி மலைப்பாதைக்கு மாற்றப்பட்டபோது, சங்கிலிச் செலுத்தமும் இரு கியர்களும் கொண்ட அமெரிக்க ‘இந்தியன்’ வண்டிகள் சீனியர் பிரிவின் முதல் மூன்று இடங்களையும் வென்றன. 1914இல் சிரில் புலின் ரட்ஜ் மல்ரியில் அதே பிரிவை வென்றாராயினும், மழையில் வழுக்கும் பெல்ட்டினை விடச் சங்கிலியும் கியர்ப்பெட்டியுமே நம்பத்தக்கவை என்ற முடிவு விரைவில் நிலைபெற்றது. 1946இல் இத்தாலியில் வெஸ்பா தோன்றியபோது அதில் இருந்ததும் மூன்று கியர்களைக் கொண்ட பெட்டியே. கிளச்சை அழுத்தி இடக்கைப்பிடியைத் திருப்பி ஓட்டுநர் கியரை மாற்றினார்.

விரியுங் கப்பி மீண்டும் வந்தபோது முடிவெடுக்கும் பொறுப்பு ஓட்டுநரின் கையை விட்டு நீங்கியிருந்தது. பிரான்சின் மோபிலெட் வண்டிகள் சிலவற்றில் மையநீக்கவிசையால் இயங்கும் முன்கப்பி 1960களில் பயன்பட்டது. அங்கு விட்டுக்கொடுத்த உறுப்பு எஞ்சினே. அது ஊசலாடிப் பெல்ட்டின் இறுக்கத்தைப் பேணியது. ஒல்லாந்தில் ஹூப் வான் டோர்னின் டாஃப் நிறுவனம் 1958இல் காட்சிப்படுத்திய சிறு காரில், சுழலும் பாரங்கள் முன்கப்பியை நெருக்க, விற்சுருள் தாங்கிய பின்கப்பி விட்டுக்கொடுத்தது. பிற்காலத்துத் தானியங்கி ஸ்கூட்டர்களில் நிலைபெற்றது இவ்விரண்டாவது வழியே ஆகும்.

அவ்வமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். முன்கப்பியின் அசையும் பக்கத்துக்குப் பின்னே ரோலர் எனப்படும் சிறு பாரங்கள், பெரும்பாலும் ஆறு, சரிந்த பாதைகளில் அமர்ந்திருக்கும். எஞ்சின் விரைவுற அவை வெளிநோக்கி உருண்டு கப்பியின் பக்கத்தைத் தள்ளும். பெல்ட் முன்னே பெரிய ஆரைக்கு ஏறும். பின்கப்பி விற்சுருளை எதிர்த்து விரிந்து பெல்ட்டை உள்ளே இறங்கவிடும். விகிதம் படிகளின்றித் தொடர்ச்சியாக மாறும். இங்கு ஓட்டுநரின் தீர்ப்புக்குப் பதிலாக நிற்பவை ரோலரின் நிறையும் விற்சுருளின் விறைப்புமே.

ஆகவே செலுத்தத்தைச் சீர்செய்தல் என்பது இவ்விரண்டையும் மாற்றியமைத்தலாயிற்று. மையநீக்கவிசை நிறைக்கு நேர்விகிதசமமாகவும் சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகவும் அமைவது. ஏனையவை மாறாதிருப்பின், ரோலரின் நிறையை நூற்றுக்கு 19 பங்கு குறைத்தால், நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் நிகழ்ந்த மாற்றம் ஏறத்தாழ 6670 சுற்றுகளிலேயே நிகழும். எஞ்சினின் உச்ச வலு அவ்வேகத்தின் அருகில் இருக்குமாயின் வண்டி துடிப்புடன் புறப்படும், ஏற்றத்தில் சோராது. ஆனால் இரைச்சலும் எரிபொருட் செலவும் மிகும். ரோலர் மிக இலேசாயின் கப்பி முழுமையாக நெருங்காமல் உச்ச வேகமும் குறையக்கூடும். பாரமான ரோலரோ எஞ்சினை அமைதியாக ஓடவைத்து ஏற்றத்தில் தளரச்செய்யும். விறைப்பான விற்சுருள் விகித மாற்றத்தைத் தாமதப்படுத்துவதுடன் பெல்ட்டை அதிகம் நெரிக்கும். எனவே ‘சிறந்த’ ரோலர் என ஒன்றில்லை. எந்த வீதிக்கு, எந்தப் பாரத்துக்கு என்ற வினாவுக்கு விடை கண்ட பின்னரே நிறையைத் தேர்தல் தகும்.

பழைய வழக்கு 1990களின் ஐரோப்பாவில் மீண்டும் எழுந்தது. 1992ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கட்டளை 50 கன சென்ரிமீற்றர் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 45 கிலோமீற்றராக வரையறுத்தது. தயாரிப்பாளர் பலர் முன்கப்பி முழுமையாக நெருங்காதவாறு சிறு வளையமொன்றை இட்டு அவ்வெல்லையைப் பேணினர். இத்தாலியில் 14 வயதிலேயே இவ்வண்டிகளை ஓட்டலாம் என்றிருந்த நிலையில், அவ்வளையத்தை அகற்றுதல் இளைஞரிடையே பரவியது. மலோசி, பொலினி முதலிய இத்தாலிய நிறுவனங்கள் போட்டிக்கான கப்பிகளையும் ரோலர்களையும் விற்றுப் புகழ்பெற்றன. 1997ஆம் ஆண்டின் கட்டளை இத்தகைய மாற்றங்களைத் தடுப்பதற்கெனவே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. செனித்தைத் தடுத்தவர்கள் போட்டியின் சமநிலையைக் கருதினர். இங்கோ கருதப்பட்டது உயிர். 45 கிலோமீற்றர் வேகத்துக்கென அமைந்த பிறேக்கும் சட்டகமும், வளையம் நீங்கியமையால் வலுப்பெறுவதில்லை. சில கிராம் நிறையில் வீதியின் பாதுகாப்பும் அடங்கியிருந்தது எனலாம்.

நமது பிராந்தியத்தில் இவ்வரலாறு வேறு வகையில் தொடர்ந்தது. 1984இல் இந்தியாவில் அறிமுகமான 98 கன சென்ரிமீற்றர் கைனற்றிக் ஹொண்டா, கியர் மாற்றத் தேவையற்ற ஸ்கூட்டரைப் பலருக்கும் பழக்கப்படுத்தியது. இலங்கை வீதிகளில் இன்று ஓடும் இந்தியத் தயாரிப்பு ஸ்கூட்டர்களிலும் இதே கப்பியும் ரோலருமே உள. இவற்றை ஓட்டுவோருள் அநேகர் அவை இருப்பதையே அறியார். ரோலர்கள் தேய்ந்து ஒருபுறம் தட்டையாகும்போது அவை சீராக உருள்வதில்லை. பெல்ட் தேய்ந்து ஒடுங்கும்போது கப்பியின் வெளிவிளிம்பு வரை ஏறுவதில்லை. வண்டி சோர்ந்ததெனக் கருதி எஞ்சினைப் பழிப்போர் பலர். அத்தகைய வண்டிக்கு வேண்டியது போட்டிக்கான புதிய பாகமன்று. தேய்ந்தவற்றை உரிய நிறையும் அகலமும் உடையவற்றால் மாற்றுதலே அதற்குச் செய்யத்தக்க முதற் சீர்திருத்தமாகும்.

தானியங்கி அமைப்பு ஓட்டுநரைத் தீர்மானம் எடுக்கும் சுமையிலிருந்து விடுவித்தது என்பர். அது முழு உண்மையன்று. தீர்மானம் ஒழிந்துவிடவில்லை. தொழிற்சாலையில் யாரோ ஒருவர் முன்கூட்டியே எடுத்து, ரோலரின் நிறையாகப் பொதிந்துவைத்த தீர்மானமே ஒவ்வொரு சந்தியிலும் செயற்படுகிறது. அதனை மாற்ற முனைபவர், செனித் ஓட்டுநர் தமது கைப்பிடியில் தாங்கிய பொறுப்பினை மீண்டும் ஏற்கிறார். எடுப்பவர் யாராயினும் அதன் விளைவினை வீதியிலுள்ள பிறரும் பகிர்ந்துகொள்ள நேரும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.