ராதை

ராதை, கண்ணனின் காதலியாகவும் தெய்வீகக் காதலின் வடிவாகவும் வழிபடப்படும் தேவி. ராதிகா, ராதாராணி, கிசோரி, லாட்லி என்ற பெயர்களும் உண்டு. மதுரா, பிருந்தாவனம், பர்சானா ஆகிய ஊர்களை உள்ளடக்கிய விரஜ பூமியில் அவளே அரசி. அங்கே ஒருவரையொருவர் காணும்போது சொல்லும் வணக்கமே ‘ராதே ராதே’ என்பதுதான்.

இத்தனை பெருமை பெற்றவளின் பெயர் பாகவத புராணத்தில் வெளிப்படையாக இல்லை. ராசலீலையின் நடுவே கண்ணன் ஒரு கோபியை மட்டும் அழைத்துக்கொண்டு மறைகிறான். தேடிவரும் மற்றவர்கள் அவன் காலடிகளோடு அவளுடைய காலடிகளையும் மணலில் காண்கிறார்கள். அவளே ராதை என்று பிற்கால வைணவ ஆசாரியர்கள் கொண்டனர். ஆனால் ஹாலன் தொகுத்ததாகக் கூறப்படும் பிராகிருத நூலான காதாசப்தசதியில் அவள் பெயரோடு வருகிறாள்: மாடுகள் கிளப்பிய புழுதி அவள் முகத்தில் படிய, கண்ணன் அதை வாயால் ஊதி அகற்றுகிறான். புராணங்களுக்கு முன்பே கவிதை அவளைக் கண்டுகொண்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

12ஆம் நூற்றாண்டில் வங்க மன்னர் லட்சுமணசேனரின் அவையைச் சார்ந்த ஜெயதேவர் இயற்றிய கீத கோவிந்தம் அவளை முழு நாயகியாக்கியது. 12 சர்க்கங்களும் 24 அஷ்டபதிகளும் கொண்ட இந்நூலில், ஊடல் கொண்ட ராதையின் பாதத்தைத் தன் தலைமேல் வைக்கும்படி கண்ணன் இறைஞ்சுகிறான். இதை எழுதத் துணியாமல் ஜெயதேவர் நீராடச் சென்றுவிட, கண்ணனே அவர் உருவில் வந்து அந்த அடியை எழுதிவிட்டுப் போனான் என்பது மரபுக் கதை. பக்தையின் காலில் பகவான் விழும் இந்த ஒரு காட்சி ராதைக்குத் தந்த இடத்தை எந்த வம்சாவளியும் தந்திருக்க முடியாது. பூரி ஜகந்நாதர் கோயிலில் கீத கோவிந்தம் பாடப்பட வேண்டுமென்று ஆணையிடும் 1499ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது.

ராதையின் பெற்றோர் விருஷபானுவும் கீர்த்திதாவும். கோகுலத்தை அடுத்த ராவல் அவள் பிறந்த ஊர் என்றும், பர்சானா அவள் வளர்ந்த ஊர் என்றும் விரஜ மக்கள் கூறுவர். கண்ணனின் உலகமான கோலோகத்தில் அவன் தோழன் ஸ்ரீதாமன் இட்ட சாபத்தால் அவள் பூமிக்கு வந்ததையும், பாண்டீர வனத்தில் பிரம்மா முன்னின்று அவளுக்கும் கண்ணனுக்கும் மணம் செய்வித்ததையும் பிரம்மவைவர்த்த புராணம் விரிக்கிறது. அவள் கண்ணனின் மனைவியா, பிறன் மனைவியாக இருந்தே அவனைக் காதலித்தவளா என்பது வைணவர்களிடையே நீண்ட விவாதம். வங்க வைணவத்தின் ஒரு சாரார், எதையும் எதிர்பாராமல் எல்லாவற்றையும் துறக்கும் காதலே உயர்ந்தது என்று கருதி இரண்டாவதை ஏற்றனர். சைதன்யரின் (1486–1534) வழிவந்தவர்களுக்கு ராதை இறைவனின் ஆனந்த சக்தியான ஹ்லாதினி. நிம்பார்க்கர் மரபு அவளைக் கண்ணனின் இடப்பக்கத்தில் வைத்துத் தொழுகிறது. ஹித ஹரிவம்சர் தொடங்கிய ராதாவல்லப மரபிலோ அவளே முதன்மைத் தெய்வம்.

பிருந்தாவனத்தின் ராதாவல்லபர் கோயிலில் ராதைக்குச் சிலை இல்லை. கண்ணன் அருகே ஓர் ஆசனத்தில் மகுடம் வைத்து, அதையே அவளாகப் பூசிக்கிறார்கள். ராதாரமணர் கோயிலிலும் இதே வழக்கம். அக்கோயிலை 1542இல் நிறுவிய கோபாலபட்ட கோஸ்வாமி ஸ்ரீரங்கத்துக்காரர். தென்னாட்டு யாத்திரையில் சைதன்யர் மழைக்காலம் நான்கு மாதமும் தங்கியது இவரது குடும்பத்தார் வீட்டில்தான்.

பர்சானாவில் குன்றின்மேல் அவளுக்குக் கோயில் உண்டு. பாத்ரபத வளர்பிறை எட்டாம் நாளான ராதாஷ்டமி அவளது பிறந்தநாள். ஹோலிக்குச் சில நாள் முன்பு கண்ணன் ஊரான நந்தகாவிலிருந்து ஆண்கள் வண்ணப்பொடியோடு வர, முக்காடிட்ட பர்சானாப் பெண்கள் தடிகளால் அடித்து விரட்டுவார்கள். ஆண்கள் குந்தியபடி தலைக்குமேல் கேடயம் பிடித்துத் தடுத்துக்கொள்ளலாம், திருப்பி அடிக்கக் கூடாது. மறுநாள் பர்சானா ஆண்கள் நந்தகாவுக்குப் போவார்கள்.

தமிழகத்தில் ராதைக்குத் தனிக்கோயில் மரபு பெரிதாக வளரவில்லை; அவள் பஜனை மடங்கள் வழியாகவே வீடுகளுக்குள் வந்தாள். காவிரிக்கரை பாகவதர்கள் வளர்த்த ராதா கல்யாண உற்சவத்தில் அஷ்டபதிகள் அனைத்தும் பாடப்படும். காலையில் பாடியபடி வீடுதோறும் அரிசி ஏற்கும் உஞ்சவிருத்தி, பின் முத்துக்குத்தல், மாங்கல்யதாரணம் என்று ஒரு கல்யாண வீட்டின் அத்தனை சடங்குகளும் நடக்கும். கூடியிருப்போர் பெண் வீட்டாராகவும் பிள்ளை வீட்டாராகவும் நின்று அவளைக் கண்ணனுக்கு மணமுடித்துக் கொடுப்பார்கள்.