காசு கேட்காத இடங்கள்: புதுவைப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரலாறு

சனிக்கிழமை இரவு வந்துவிட்டால் நம் குடியிருப்பில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "நாளைக்கு எங்கே போறோம்?" மாலுக்குப் போனால் விளையாட்டுச் சீட்டு, பாப்கார்ன், ஐஸ்கிரீம், வண்டி நிறுத்தக் கட்டணம் என்று நால்வர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் சாதாரணமாகக் கரையும். "பீச்சுக்குப் போகலாமே" என்று யாராவது சொன்னால், "ஐயோ, சனி ஞாயிறில் ஒயிட் டவுன் பக்கம் காலே வைக்க முடியாது, ஒரே வெளியூர்க் கூட்டம்" என்று இன்னொருவர் தடுத்துவிடுவார்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பல மணி நேரம் வண்டி ஓட்டி வந்து மக்கள் பார்க்கும் இடங்களை, பக்கத்திலேயே இருக்கும் நாம் விட்டுக்கொடுத்துவிட்டோம். அந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது, சிலவற்றுக்குச் சில்லறைக் காசு போதும். அவை எப்படிப் பொது இடங்களாயின, அவற்றில் ஒன்றை நம் கண்முன்னே எப்படி இழந்தோம் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை. பெரியவர்கள் படித்துவிட்டு, நடக்கும்போது பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம்.

கோட்டை இருந்த இடம்

பாரதி பூங்காவிலிருந்தே தொடங்குவோம். இன்று பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் இந்தப் பகுதியில், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் புனித லூயி கோட்டை இருந்தது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவினார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரின் தெருக்களை நேர்க்கோட்டில் திட்டமிட்டு வரைபடம் போட்டது அந்த இடைக்காலத்தில்தான். ஒரு தெருமுனையில் நின்று கடல் எந்தப் பக்கம் என்று நம் பிள்ளைகள் சட்டென்று சொல்ல முடிவதற்கு அந்தக் கட்டத் திட்டமே காரணம்.

1761 சனவரியில் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினார்கள். கோட்டையை இடித்து, ஊரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு ஊரைப் பெற்றுக்கொண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1765 முதல் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். கோட்டை மட்டும் பழையபடி எழவில்லை. அதனால்தான் ஊரின் நடுவே இவ்வளவு பெரிய வெளி நமக்கு மிஞ்சியது.

அந்த இடிபாடுகளோடு சேர்ந்த ஒரு கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். அவர் நெருங்குவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761-இல் அந்த நிகழ்வு நடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து துல்லியமாக அளக்க வழியில்லை. அடுத்தது எட்டு ஆண்டு கழித்துத்தான். மனிதர் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். மறுபடியும் புதுச்சேரிக்கு வந்து, கோட்டை இடிபாட்டின் மேல் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். 1769 ஜூன் 4 காலை வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது! "பிறகு என்ன செய்தார்?" என்று பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஆயியின் தண்ணீர்

பூங்காவின் நடுவே இருக்கும் வெள்ளை மண்டபத்தைப் புதுவை அரசின் சின்னத்தில் தினமும் பார்க்கிறோம். பேருந்திலும் அரசுக் கடிதங்களிலும் அது இருக்கிறது. அதன் கதை தெரிந்த பிள்ளைகள் குறைவு.

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று அறிந்ததும் சினந்து, இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊராருக்காகக் குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. இனி வருவது வரலாறு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து கடலோர நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுந்ததே இந்த மண்டபம். பேரரசர் காலத்து நினைவுச் சின்னம் ஒரு தாசியின் பெயரால் வழங்குவது உலகில் அதிகம் நடக்காத செய்தி. பிள்ளைகள் வீட்டில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகும்போது இந்தக் கதையை நினைவுபடுத்தலாம்.

பிள்ளைகள் கையில் கிடைத்த ரோமாபுரி

பூங்காவை ஒட்டியே அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் ஒரு தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். அங்கே அரிக்கமேட்டுப் பொருள்கள் வைத்திருக்கும் பகுதிக்கு முதலில் போங்கள்.

அரிக்கமேட்டை உலகுக்குக் காட்டியதில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரை மேட்டில் அவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் 1937-இல் ழூவோ துப்ரே என்ற பிரெஞ்சு அறிஞர் விலை கொடுத்து வாங்கினார். தானும் அங்கே தேடினார். கிடைத்தவற்றுள் ஒரு கல்லில் மனித முகம் செதுக்கியிருந்தது. நாணய ஆய்வில் தேர்ந்த அவர், அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று அடையாளம் சொன்னார். 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மது ஜாடிகளின் துண்டுகளும், இத்தாலியின் அரெட்சோ நகரத்து மண்பாண்ட வகையும் வெளிவந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரை எந்தெந்த நாடுகளோடு வியாபாரம் செய்தது என்பதற்கு அவை சாட்சியாக நிற்கின்றன.

அங்கிருந்து சில நிமிட நடையில் ரோமன் ரோலன் நூலகம். 1827-இல் ஆளுநர் தெபாசென் தெ ரிஷ்மோன் காலத்தில் தொடங்கியது. காந்தியின் வாழ்க்கையைப் பிரெஞ்சில் எழுதிய, நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ரோமன் ரோலனின் பெயரைப் பின்னாளில் சூட்டினார்கள். சிறுவர் பிரிவும் உண்டு. அதற்கு ஓராண்டு மூத்தது, 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. எந்தப் பயிர் இந்த மண்ணில் விளையும் என்று சோதிக்கத் தொடங்கிய தோட்டம், பெரோத்தே என்ற தாவரவியலாளரின் உழைப்பில் வளர்ந்தது. அவர் 1870-இல் இதே ஊரில் காலமானார். இன்று அவர் வளர்த்த தோட்டம் வெயிலுக்கு நமக்குக் குடை பிடிக்கிறது.

பாரதி வீட்டுக் குழந்தைகள்

"கையில் காசில்லாத குடும்பம் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகும்?" என்ற கேள்விக்கு நம் ஊரில் ஓர் எழுத்துச் சான்றே இருக்கிறது. 1908-இல் ஆங்கிலேயர் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்த பாரதியார் 1918 வரை இங்கே வாழ்ந்தார். பத்திரிகை நின்றது, வருமானம் இல்லை, வீட்டு வாசலில் ஆங்கிலேய உளவாளிகள். அந்த நிலையிலும் தங்கம்மாள், சகுந்தலா என்ற இரு பெண் குழந்தைகளை வளர்த்தார்.

அந்த வீட்டோடு நெருங்கிப் பழகிய இன்னொரு சிறுமி யதுகிரி. "இந்தியா" பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பத்து ஸ்ரீநிவாசாச்சாரியாரின் மகள். வளர்ந்த பிறகு அவர் எழுதிய "பாரதி நினைவுகள்" நூலைப் படித்தால், அன்றைய புதுச்சேரியை ஒரு குழந்தையின் கண்ணால் பார்க்கலாம். பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் கடற்கரைக்குப் போவதும், பாட்டும் பேச்சுமாக மாலை கழிவதும் அதில் வருகின்றன. வறுமையும் உளவும் சூழ்ந்த அந்தக் குடும்பங்களுக்குக் கடற்கரை காசு கேட்காமல் இடம் கொடுத்தது. "பாப்பா பாட்டு" பிறந்ததும் அந்தப் புதுவை ஆண்டுகளில்தான்.

பாரதியார் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடும், பாரதிதாசன் வாழ்ந்த பெருமாள் கோயில் தெரு வீடும் இப்போது அருங்காட்சியகங்கள். பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த கவிஞர் இந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் முகம் மாறும்.

கடற்கரைச் சாலை

மாலையில் கடற்கரைச் சாலைக்கு வருவோம். பிரெஞ்சுக் காலத்தில் கூர் ஷப்ரோல் என்று பெயர். இப்போது கூபேர் சாலை. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. அந்த நேரத்தில் பிள்ளைகள் கையை விட்டு நடக்கலாம், சைக்கிள் பழகலாம். நம் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் அவர்களுக்குக் கிடைக்காத சுதந்திரம் அது.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. சிலைக்கு எதிரே பழைய கலங்கரை விளக்கம். 1836-இல் ஏற்றப்பட்ட விளக்கு 1979 வரை கப்பல்களுக்கு வழி காட்டியது. கடலுக்குள் தெரியும் இரும்புக் கால்கள் 1866-இல் கட்டிய பழைய பாலத்தின் எச்சம். அதை 1952 புயல் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகத் தெற்கே கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

சாலையின் தென்கோடியில் சிறுவர் பூங்கா. 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்து, தென்னிந்தியாவையே பிரெஞ்சு ஆட்சிக்குள் கொண்டுவரக் கனவு கண்ட துய்ப்ளேக்சின் சிலை அங்கேதான் நிற்கிறது. 1870-இல் நிறுவிய சிலை இன்று ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் காவல்காரர்.

மணல் போன கதை

இங்கே ஒரு கேள்வி வரும்: "பீச்சுன்னு சொல்றீங்க, மணல் எங்கே? வெறும் பாறையா இருக்கே?"

நாற்பது வயதுக்கு உட்பட்ட புதுவைக்காரர்களில் பலர், இந்தக் கரை எப்போதுமே பாறைதான் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அகன்ற மணல்பரப்பு இருந்தது. நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். கரையிலிருந்து மணல் போவதும் புது மணல் வந்து சேர்வதுமாகக் கணக்கு சமமாக இருக்கும். 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த நம் கரையிலிருந்து போனது போனதுதான். கடல் சாலையை நெருங்க, அதைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். ஒரு முழுத் தலைமுறைப் பிள்ளைகள் மணல்வீடு கட்டாமலே வளர்ந்தார்கள்.

2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், கடலுக்கடியில் ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பி வந்து சேர்ந்தது. கடற்கரை முழுதும் மீண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் போனதை ஓரளவு திருப்பிக் கொண்டுவர முடியும் என்று தெரிந்தது. அதைக் கேட்டுப் பெற வேண்டுமானால், முதலில் அங்கே மணல் இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் வேண்டும். கட்டணமில்லாத இடத்துக்குச் சீட்டுக் கணக்கு கிடையாது. நாம் போகாவிட்டால், யாருக்கும் அது தேவையில்லை என்றே எண்ணத் தோன்றும்.

திருவிழாவும் உலாதான்

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம், திண்டிவனம், தீவனூர் என்று பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவதை நம் பாட்டிமார் காலந்தொட்டுப் பார்த்து வருகிறோம். ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். ஜூலை 14 அன்று பிரெஞ்சு தேசிய நாளுக்குக் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னம் விளக்கொளியில் மின்னும். பொரி, பலூன், பஞ்சுமிட்டாய் செலவு மட்டும் நம்முடையது.

வரும் ஞாயிறுக்கு

கூட்டத்தைத் தவிர்க்கக் காலை 6 மணிக்கே கடற்கரைச் சாலையில் இருங்கள். 7.30 வரை வண்டித் தொல்லை இல்லை. பிறகு பாரதி பூங்கா, அருங்காட்சியகம், பாரதியார் இல்லம் என்று நடந்தே முடிக்கலாம். உள்ளே பார்க்கும் இடங்களுக்கு விடுமுறை நாள் உண்டு. நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். பாறைகள் வழுக்கும், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். மணல் இருக்கும் இடத்திலும் கடலில் குளிக்க இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் 1980-களில் எடுத்த கடற்கரைப் படங்கள் யாரிடமாவது இருந்தால், மணல் தெரியும்படி ஒன்றிரண்டைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். அடுத்த இதழில் வெளியிட்டு, நம் பிள்ளைகளுக்கு அந்தக் கரையைக் காட்டுவோம்.