பம்பாய்க் கிணறுகளின் வழக்கு

பிழைப்பை நாடி மும்பைக்குச் சென்ற நம்மவரில் பலர், அந்நகரின் பழைய வீடுகளில் வாய் மூடப்பட்ட கிணறுகளைக் கண்டிருப்பர். நீருள்ள கிணற்றை மூடுவானேன் என்று ஐயுற்றும் இருப்பர். அம்மூடிகளுக்குப் பின்னே நெடிய வழக்கு ஒன்று உண்டு.

அன்று பம்பாய் என்று வழங்கிய அந்நகரம், 1860-ஆம் ஆண்டில் விகார் ஏரியின் நீர் குழாய் வழியே வரும் வரையில், கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தது. குழாய் வந்த பின்னும் மக்கள் கிணறுகளைக் கைவிட்டாரில்லை. வழிபாட்டுக்கு அவை வேண்டியிருந்தன. பார்சி மக்களோ நீரைப் புனிதமாகப் போற்றுபவர். கதிரவன் ஒளி படும் கிணற்று நீரே சடங்குகளுக்கு உகந்தது என்பது அவர்தம் கொள்கை. 1725-இல் தோண்டப்பட்டதாகக் கூறப்பெறும் பீக்கா பெஹ்ராம் கிணற்றை அவர்கள் இன்றும் வணங்கி வருகின்றனர்.

1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார். அதன்பின், 1911-இல் டாக்டர் பென்ட்லி பம்பாயின் காய்ச்சலை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். சதுப்பு நிலமே காய்ச்சலுக்குக் காரணம் என்பது நெடுங்கால நம்பிக்கை. அவர் காட்டிய இடமோ வீட்டு முற்றம்! அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு, கிணற்றிலும் தொட்டியிலும் தேங்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது என்பது புலனாயிற்று.

கிணறுகளை மூடுமாறு நகரசபை வற்புறுத்தத் தொடங்கியது. எதிர்ப்பும் எழுந்தது. கிணற்றில் உறையும் தெய்வம் சினந்தால் குடும்பம் கெடும் என்று அஞ்சினோர் பலர். இவர்களை மூடர் என்று நாம் எள்ளுதல் தகாது. காய்ச்சலில் பிள்ளையை இழத்தலும் தெய்வக் குற்றத்துக்கு ஆளாதலும் அவர்களுக்கு ஒருங்கே அச்சம் தந்தவை. நகரசபையில் பணியாற்றி, பின்னர் அதன் முதல் இந்தியக் கமிஷனராக விளங்கிய ருஸ்தம் மசானி, இந்நம்பிக்கைகளைத் திரட்டிக் கிணறுகளைப் பற்றி 1918-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஒளி நுழையவும் கொசு நுழையாதிருக்கவும் கம்பிவலைக் கதவு பொருத்துவது என்னும் இணக்க வழியும் காணப்பட்டது.

கிணறுகள் மூடப்பட்டன; கொசு மாடி ஏறிற்று. குழாய் நீர் நாள் முழுதும் வாராமையால் கூரைதோறும் தொட்டிகள் எழுந்தன. கொசுவுக்கு அவையும் கிணறுகளே. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆதலின் சிறு தொட்டியை வாரம் ஒருமுறை வடித்து, உட்சுவரைத் தேய்த்து உலரவிட வேண்டும். வடிக்க இயலாத தோட்டக் குளத்தில் கம்பூசியா, கப்பி போன்ற சிறு மீன்களை வளர்த்தால் அவை புழுக்களைத் தின்றுவிடும். ஆயினும் இவ்வயல்நாட்டு மீன்கள் ஏரி, ஆறுகளில் கலந்தால் ஆங்குள்ள மீனினத்துக்குத் தீங்கு நேரும்.

மாடித் தொட்டிக்கு இறுகப் பொருந்தும் மூடி வேண்டும் என்று மும்பை நகரசபை விதித்துள்ளது. சோதிப்பவர் ஏறிப் பார்க்க ஏணியும் வேண்டும். தொட்டியருகே இரும்பு ஏணியைக் காணும் நம்மவர் அதன் காரணத்தை இனி அறிவர்.