குரலும் குறிமுறையும்: கொழும்பின் கையடக்கத் தொலைபேசி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தெற்காசியாவிற் கையடக்கத் தொலைபேசிச் சேவை முதன்முதலாக 1989 இல் இலங்கையிலேயே தொடங்கியது. அச்சேவை குரலின் அலைவடிவத்தை அவ்வாறே காவிச் செல்லும் ஒப்புமை முறையைச் சார்ந்தது. 1995 இல் ஜி.எஸ்.எம். எனும் இலக்கமுறைச் சேவை அறிமுகமானதும் நிலை மாறிற்று. அதன்பின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடல்கடந்த உறவினரின் அழைப்புக்காகக் காத்திருந்தோர் அக்கருவியிற் கேட்டது குரலின் நேர்ப்படியன்று. எண்களைக் கொண்டு மீளக் கட்டப்பட்ட குரலேயாகும்.

இம்மாற்றத்தின் வேர் 1960களில் உள்ளது. இந்தியாவிற் பிறந்த பிஷ்ணு அதால், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடருடன் இணைந்து, பேச்சொலியின் அடுத்த கணத்தை முந்திய கணங்களிலிருந்து எதிர்வுகூறும் முறையை 1967 இல் முன்வைத்தார். யப்பானில் சைட்டோ, இட்டகுரா ஆகியோரும் அக்காலத்திலேயே இத்துறையில் உழைத்தனர். வாயும் தொண்டையும் மெதுவாகவே வடிவம் மாறுதலின் இவ்வெதிர்வுகூறல் இயல்வதாயிற்று. ஜி.எஸ்.எம். சேவையின் முதற் குறிமுறை இக்கொள்கையின் வழிவந்ததே. செக்கனுக்கு 8,000 மாதிரிகளாக எடுக்கப்படும் பேச்சை அது 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வகுக்கும். ஒவ்வொரு துண்டிலுமுள்ள 160 மாதிரிகளை 260 இரும இலக்கங்களுள் அடக்கும். இதனால் செக்கனுக்கு 1,04,000 ஆக இருந்த இலக்கங்கள் 13,000 ஆக, அதாவது எட்டிலொரு பங்காகக் குறையும்.

1990களின் முற்பகுதியிற் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூட்டா டெகெனர், கார்ஸ்டன் போர்மன் ஆகிய இருவரும் இக்குறிமுறையைச் சீ மொழியிற் செய்நிரலாக எழுதி, அதன் மூலநிரலை யாவர்க்கும் வழங்கினர். 'டோஸ்ட்' எனும் அச்செய்நிரலின் பெயரையும் ஒலிக்கோப்பின் பெயரையும் கட்டளை வரியிலே தட்டெழுதினாற் போதும். வேறு பணிப்பு இல்லாவிடின், அது மூலக்கோப்பை நீக்கிச் சுருக்கிய கோப்பை அதனிடத்தில் வைத்துவிடும். 'அன்டோஸ்ட்' அதனை மீள விரிக்கும். ஆயின் விரிந்து வருவது மூலமன்று.

இழக்கப்படுவது யாது? செக்கனுக்கு 8,000 மாதிரிகளே எடுக்கப்படுதலின் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்கூறுகள் முற்றாக நீங்கும். லகர, ளகர, ழகரங்களை வேறுபடுத்தும் கூறுகள் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அமைதலின் அவை தப்பிவிடுகின்றன. ஸகரத்தின் சீறொலியோ பெரும்பாலும் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனவே செய்தி சேரும். பேசுவோரின் குரலுக்கேயுரிய நுண்மை குன்றும்.

உரையாடலுக்கு இவ்விழப்பு பெரிதன்று. தாயின் குரல் வந்தடைந்ததே பலருக்குப் போதுமானதாயிருந்தது. ஆவணத்துக்கோ அது பெரிதாகும். 1983 யூலை வன்செயலை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நேரிற் கண்ட முதியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்வோர் இடத்தைச் சிக்கனப்படுத்தக் கருதி மூலப்பதிவை நீக்குவாராயின், எஞ்சுவது சொற்களேயன்றி அக்குரல்களின் முழுமையன்று. சுருக்கிய படியை அனுப்புதற்கும் மூலத்தைப் பேணுதற்கும் கொள்ளுதல் வேண்டும் என்பதே இக்குறிமுறையின் வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.