தெளிந்த கிணற்றிலும் இருக்கக்கூடிய நைத்திரேற்று

வன்னியில் கிணற்று நீரின் குறை என்றால் சவர், கயர், கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு என்பவைதான் முதலில் பேசப்படும். நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. தெளிந்த, குடிக்க இனிமையான கிணற்றிலும் அது அளவுக்கு மிஞ்சி இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம். இந்த எல்லை முதன்மையாகக் கைக்குழந்தைகளை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட சிசுக்கள் நீலம் பாரித்ததை ஹண்டர் கொம்லி என்ற மருத்துவர் பதிவு செய்தார். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்கி விடுகிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம். வயிற்றோட்டமும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். உதடும் நகமும் நீலமானால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாய்ப்பாலில் இந்தப் பயம் இல்லை.

எமது பகுதியில் இந்தச் சிக்கல் யாழ். குடாநாட்டில்தான் அதிகம் ஆராயப்பட்டது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இட்ட பசளை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. யாழ்ப்பாணக் கிணறுகளோடு கிளிநொச்சிக் கிணறுகளையும் சேர்த்து, நைத்திரேற்றைக் குறியாக வைத்துச் செய்த ஆய்வொன்று 1988இலேயே வெளிவந்தது. அதன்பின்னும் போர் தொடர்ந்தது, மக்கள் பெயர்ந்தார்கள், கிணறுகள் தூர்ந்தன.

வன்னியின் நிலம் குடாநாட்டைப் போல ஒரே சீரானதல்ல. வவுனியாவும் உள்நாட்டுப் பகுதிகளும் கடும்பாறை. முல்லைத்தீவுக் கரையோரம் மணல். முழங்காவில் பக்கம் சுண்ணக்கல். நீர் தேங்கி நிற்கும் வயலில் நைதரசனின் ஒரு பகுதி வாயுவாகப் போய்விடும். மணலிலும் சுண்ணக்கல்லிலும் மேட்டுநிலப் பயிர் செய்து, யூரியா போட்ட கையோடு நீர் இறைத்தால் அது வேருக்குக் கீழே கழுவுண்டு போகும். ஆகவே இரணைமடு வயற்காரரை விட மணற்பாங்கான தோட்டக்காணிக்காரர் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

அடுத்தது மலசலகூடம். 2009இன் பின் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியவர்களின் கிணறுகள் இறைக்கப்பட்டுக் குளோரீன் இடப்பட்டன. அது கிருமிக்கான மருந்து. நைத்திரேற்றை அது தொடாது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி விடச் சொல்வதும் முக்கியமாகக் கிருமிக்காகத்தான். கிருமி மண்ணில் வழியிலேயே மடிந்துவிடும், நைத்திரேற்றோ நீரோடு சேர்ந்து நகரும். சிறிய காணிகள் நெருங்கிய மாதிரிக் கிராமங்களில், தன் குழியைத் தள்ளி வெட்டியவரின் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுக் குழி அருகிலிருக்கும். அங்கு தனி வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. காணியைப் பிரிக்கும்போதே பிரதேச செயலகமும் பிரதேச சபையும் பார்த்திருக்க வேண்டிய விடயம் இது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. ஐந்து லீற்றர் நீர் நான்காக வற்றினால் நைத்திரேற்றின் செறிவு கால் பங்கு கூடும். துணியில் வடிப்பதும் சாதாரண கரி வடிகட்டியும் உதவா. சிறுநீரக நோய்க்காக வவுனியாவில் மக்கள் வாங்கும் ஆர்.ஓ. நீரில் அது பெருமளவு குறைந்திருக்கும். (நைத்திரேற்றையும் அந்த நோயையும் ஒன்றாக்கிப் பேசுவோர் உண்டு. அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை.)

பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால் அலகைப் பாருங்கள். “நைத்திரேற்று” என்று எழுதியிருந்தால் எல்லை 50. “நைத்திரேற்று நைதரசன்” என்றிருந்தால் ஏறத்தாழ 11 தான். இரண்டாவது வகை அறிக்கையில் 20 என்று கண்டு ஆறுதல்படுவோர், எல்லையைப் போல ஏறத்தாழ இருமடங்கு உள்ள நீரைக் குடிக்கிறார்கள். மாரி தொடங்கியதும் மேல்மண்ணில் தேங்கியது கீழிறங்கும் என்பதால், கோடையில் ஒருமுறை எடுத்த மாதிரி போதாது. மழைக்குப் பின்னும் ஒன்று எடுக்க வேண்டும். வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால், முடிவு வரும் வரை பால்மா கரைக்க வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.