அந்தமான் பீச்சில் கல்யாணம்: ஒரகடம் ஜோடிகள் முதலில் பார்க்க வேண்டியது எது?

கரீபியன் தீவுகளில் நடக்கும் கடற்கரைக் கல்யாண வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் நிறைய. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணத்தில் அந்தமான் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஜோடிகள் அங்கே கல்யாணம் பண்ணலாமா? பண்ணலாம். ஆனால் ரிசார்ட் புக் பண்றதுக்கு முன்னாடி சட்டத்தைத் தெரிஞ்சுக்கணும்.

தீவுக்குப் போய் ரிஜிஸ்டர் மேரேஜ் செய்ய முடியுமா?

போன கையோடு முடியாது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954-ன்படி, நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முந்தைய 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் வெளியான பிறகு மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் லீவு போட்டுப் போறவங்களுக்கு இது சரிப்படாது.

இங்கேயே நோட்டீஸ் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வெளிமாவட்டம், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களும் 30 நாட்கள் இங்கே தங்கியிருந்தால் போதும். விடுதியில் இருப்பவர்கள் முகவரிச் சான்றை முன்கூட்டியே தயார் செய்வது நல்லது.

ஒன்றைக் கவனிக்கணும். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், நோட்டீஸின் நகல் அந்த ஊர் திருமண அதிகாரிக்கும் போகும், அங்கேயும் ஒட்டப்படும். வீட்டில் இன்னும் சொல்லாத காதல் ஜோடிகளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் சாதி, மதத்தைக் காரணம் காட்டி யாரும் திருமணத்தைத் தடுக்க முடியாது. வயது குறைவு, ஏற்கெனவே திருமணமாகி வாழ்க்கைத் துணை உயிருடன் இருப்பது, தடை செய்யப்பட்ட உறவுமுறை, சம்மதம் தர இயலாத மனநிலை போன்ற சட்டக் காரணங்கள் மட்டுமே செல்லும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணத்தை முடிக்க வேண்டும்.

பீச்சில் தாலி கட்டினால் செல்லுமா?

இந்து ஜோடி என்றால், இருவரில் ஒருவரது குடும்ப வழக்கப்படியான சடங்குகள் நடந்திருந்தால் செல்லும். சடங்கே நடக்காமல் வெறும் சான்றிதழ் வாங்குவது இந்து திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தெளிவுபடுத்தியது. அதனால் போட்டோ, வீடியோவில் சடங்குகளும் பதிவாகியிருக்கட்டும்.

சுயமரியாதைத் திருமணம் என்றால்?

இங்கேதான் பலர் தடுமாறுவாங்க. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி, அல்லது மோதிரம் மாற்றி, அல்லது தாலி கட்டி நடக்கும் திருமணத்தை ஏற்கும் 7ஏ பிரிவு, 1967-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம். அந்தமான் தனி யூனியன் பிரதேசம் என்பதால் இந்தத் திருத்தத்தை அங்கே நம்ப முடியாது. சுயமரியாதைத் திருமணத்தைத் தமிழ்நாட்டிலேயே நடத்துவதுதான் பாதுகாப்பு.

திரும்பி வந்து பதிவு செய்யலாமா?

தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தமானில் நடந்த திருமணத்தை, ஊர் திரும்பி 30 நாட்கள் வசித்த பிறகு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-வது பிரிவில் இங்கே பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்போது மணப்பெண்ணுக்கும் 21 வயது முடிந்திருக்க வேண்டும். 18 வயது போதும் என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது.

லீவு எத்தனை நாள் வேண்டும்?

போர்ட் பிளேரின் இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவுக்குப் படகில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும். சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஒரு வழிக்கே சுமார் மூன்று நாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்பதால் தவிர்ப்பது நல்லது.

சுலபமான வழி எது?

சட்டப்படியான திருமணத்தையும் பதிவையும் இங்கே முடித்துவிட்டு, கொண்டாட்டத்தை மட்டும் தீவில் வைப்பது. அப்போ மழையால் படகு நின்றாலும் தள்ளிப்போவது பார்ட்டி மட்டும்தான். பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் என்று நாளைக்குக் கேட்கப்போவது திருமணச் சான்றிதழைத்தான்.