விரைந்த மருந்தும் காத்திருந்த மருந்தும்

முடக்குவாதம் உயிரை உடனே கவரும் நோயன்று. மனிதனின் உழைப்பைக் கவரும் நோய். மூட்டுகள் வீங்கும், விரல்கள் கோணும், காலையில் எழுந்ததும் ஒரு குவளையைப் பற்றவும் கை மறுக்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறி மூட்டுகளைத் தாக்குவதால் விளையும் கேடு இது. 1899-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் வலியைத் தணித்ததேயன்றி நோயைத் தடுக்கவில்லை. 1929-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் ஃபாரெஸ்டியே தங்க உப்புகளால் ஓரளவு பயன் கண்டார்.

அதே ஆண்டில், அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்பார் விந்தையொன்றைக் கவனித்தார். முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சட்காமாலை கண்டதும் மூட்டுவலி தணிந்தது. கருவுற்ற பெண்டிரிடமும் அவர் இத்தணிவைப் பின்னர்க் கண்டார். உடலே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று ஊகித்தார். அவருடைய நண்பர் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பியிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் ஒன்று, 1948 செப்டம்பர் 21 அன்று, நடக்கவியலாது வருந்திய இளம்பெண் ஒருவருக்கு ஊசிவழி செலுத்தப்பட்டது. ஒரு வாரத்தில் அவர் கடைவீதிக்கு நடந்து சென்றார்! அம்மருந்தே கார்ட்டிஸோன். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் மீண்டது. நெடுநாள் உட்கொண்டோருக்கு முகம் உப்பிற்று, எலும்பு நலிந்தது.

அந்தச் செப்டம்பருக்கு முந்திய மாதத்தில்தான் எல்லாப்ரகட சுப்பாராவ் அமெரிக்காவில் காலமானார். 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். கதர் அணிந்து ஆசிரியரின் அதிருப்திக்கு உள்ளானதால், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிட்டியது. லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உருவான அமினோப்டெரின் என்னும் மருந்தை, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு சிட்னி ஃபார்பர் பயன்படுத்தினார். 1951-இல் கப்னர் என்ற மருத்துவர், முடக்குவாதத்திற்கும் அது பயன்படுவதை எடுத்துரைத்தார். கார்ட்டிஸோனின் புகழொளியில் அச்செய்தி எவர் கண்ணிலும் படவில்லை.

அமினோப்டெரினுக்கு உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட்டும் அதே ஆய்வுக்கூடத்தில் தோன்றியதே. 1980-களில் நடந்த முறையான சோதனைகளுக்குப் பின், 1988-இல் அமெரிக்க அரசு அதனை முடக்குவாத மருந்தாக ஏற்றது. அது பயன்தரச் சில வாரங்களாகும். ஆயினும் மூட்டழிவையே மட்டுப்படுத்துகிறது. இன்று இந்நோய்ச் சிகிச்சைக்கு அதுவே அடிப்படை. கார்ட்டிஸோன் இனத்து மருந்துகளோ, அது பயன்தரும் வரை சிறிது காலம் துணைநிற்கின்றன.

ஒன்றை மறத்தலாகாது. முடக்குவாதத்திற்கு மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மருந்து. தவறி நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றோர் அதனைத் தொடலாகாது. மருத்துவர் காலந்தோறும் இரத்தத்தைச் சோதித்துவர வேண்டும். மருந்து நாற்பதாண்டு காத்திருந்தது. நோயாளி சில வாரம் பொறுத்திருந்தால் கைவிரல்களைக் காத்துக்கொள்ளலாம்.